ஆளில்லாத பேர்

ஒரு பொண்ணைக் கதையில் சாகடிக்க வேண்டி வந்தால் அவளுக்கு நீங்கள் என்ன பேர் வைப்பீர்கள்? வாய்க்கு வந்ததை வைத்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். சுகந்திக்கும் முதல் கதை எழுதுகிற வரைக்கும் அப்படித்தான் தோன்றியது. நேற்று மாதிரியே இன்றைக்கும் மத்தியானம் கரண்ட் போய், பக்கத்துத் தறிக்குடோனில் ஓடிக்கொண்டிருந்த தறிகள் எல்லாம் மூச்சை விட்டதும், தொட்டிலுக்குள் குழந்தை காலை உதைத்தது. சத்தம் கேட்டு முழிக்கிற குழந்தைகளைத்தான் அவள் பிறந்த ஊரில் பார்த்திருக்கிறாள். தறிக்காரர் வீட்டுக் குழந்தை சத்தம் நின்றால் முழிக்கும். வயிற்றில் இருந்த நாளிலிருந்து டடக் டடக் என்று கேட்டே வளர்ந்த குழந்தைக்கு, அது நின்றால் உலகமே நின்றுபோனது போல இருக்குமோ என்னவோ. அதனால் கரண்ட் இல்லாத நேரமெல்லாம் சுகந்திதான் தறி. ஒரு கையில் தொட்டில் கயிறு, நாக்கை மேலண்ணத்தில் தட்டி டக் டக் டக், மறு கையில் போன், போனில் அவள் எழுதுகிற கதை. பல் முளைக்கிற காய்ச்சல் என்று ராத்திரி முழுக்கத் தோளில் போட்டு நடந்ததில் கால் இரண்டும் ஊறின மூங்கில் மாதிரி கனக்கிறது. கண்ணை மூடினால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். தூங்கக் கூடாது. கடைசிப் பாகம் சாயங்காலம் வரும் என்று கதை ஆப்பில் அவளே போட்டுவிட்டாள். அதற்குள் பூவாத்தாளுக்கு வேறு பேர் வைக்க வேண்டும். பூவாத்தாள் கிணற்றுக்குப் போவதற்கு முன்னால் அவள் பூவாத்தாளாக இல்லாமல் ஆகிவிட வேண்டும். ஏனென்றால் மாமனார் நேற்று மத்தியானத்திலிருந்து இந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிடவில்லை.

டக் டக் டக். பேர் என்பது என்ன பெரிய விஷயம் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தாள். முதல் கதையில் கோழி திருடுகிறவளுக்குச் சரஸ்வதி என்று வைத்தாள், கை போன போக்கில். இந்த வீதியில் மட்டும் சரஸ்வதிகள் நாலு பேர் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவே இல்லை. ஒருத்தி வாசலில் வந்து நின்று, "ஏம்புள்ள, உன்ற ஊட்டுக் கோழிய நான் எப்பப் புடிச்சேன்?" என்றாள். இன்னொருத்தி தண்ணி பிடிக்கிற இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். மூன்றாமவள் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணப் போகிறேன் என்றாள். நாலாவது சரஸ்வதிதான் கெட்டிக்காரி, "எழுதறதுதான் எழுதற, அந்தக் கோழியக் கொழம்பு வெச்சு நான் தின்ன மாதிரி எழுதக் கூடாதா, சும்மா கெட்ட பேரு மட்டும் எனக்கெதுக்கு" என்று சிரித்தாள். புருஷன் சொன்னதைக் கேட்டு அடுத்த கதையில் ஆளுக்குப் பேரே வைக்காமல் 'அவன்', 'அவள்' என்று எழுதிப் பார்த்தாள். படித்தவர்களுக்கு யார் யாரை அடித்தார்கள் என்றே விளங்கவில்லை. இந்த வீட்டில் பேர் படுத்துகிற பாடு போதாதென்று கதையில் வேறு. அத்தை தன் புருஷன் பேரை இந்த வயது வரைக்கும் சொன்னதில்லை. பழனிக்குப் போகிறதைக்கூட மலைக்குப் போறது என்றுதான் சொல்வாள். சுகந்தியும் மாமனார் பேரை வாயால் சொன்னது கிடையாது. ஆஸ்பத்திரிச் சீட்டுக்குக் கேட்டாலும் புருஷனைத்தான் கூப்பிடுவாள். சொல்லாத பேர், சொன்னால் சண்டைக்கு வருகிற பேர், செத்துப்போன தாத்தனுக்குப் பிறகு பேரனுக்கு வைத்து, மருமகள் கூப்பிட முடியாமல் 'அப்புனு' என்று மாற்றின பேர். இத்தனைக்கும் நடுவில், ஆளில்லாத ஒரு பேர் வேண்டும். காலி வீடு மாதிரி. யாரையும் கிளப்பாமல் ஒரு பொண்ணைக் கொண்டுபோய்க் குடிவைத்து, கதை முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட வேண்டும்.

அப்படித்தான் பூவாத்தாள் கிடைத்தாள். சட்டியில் பால் பொங்கி வழிகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது கிடைத்தாள். சுகந்தி பிறந்த ஊரில் மட்டும் மூன்று பேர் இருந்தார்கள்: பெரிய பூவாத்தா, மேவீட்டுப் பூவாத்தா, பன்னி கடித்த பூவாத்தா. காங்கயத்துப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் கல் எறிந்தால் ஒரு பூவாத்தாள் மேல் விழும். இங்கே யோசித்து யோசித்துப் பார்த்தாள். வீதி வீதியாக மனசுக்குள் நடந்து பார்த்தாள். பங்காளி வீடுகள், மாமன் மச்சான் வீடுகள், கல்யாணப் பத்திரிகைகளில் படித்த பேர்கள், ஒன்றிலும் இல்லை. அட, எத்தனை அதிர்ஷ்டம் என்று அப்போது பாலை இறக்கி வைத்தாள். எல்லா ஊரிலும் இருக்கிற பேர் இந்த ஊரில் மட்டும் ஏன் இல்லை என்று ஒரு நொடி நின்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடுப்பில் அடுத்ததாகப் பருப்பு இருந்தது, இடுப்பில் குழந்தை இருந்தது. கேட்க ஏது நேரம்? காலி வீடு என்று நினைத்துச் சாமானை இறக்கினவளுக்கு, உள்ரூமில் யாரோ இருமுகிற சத்தம் நேற்றுத்தான் கேட்டது.

டக் டக். கயிறு உள்ளங்கையில் வழுக்குகிறது. வேர்வை. நேற்றும் இப்படித்தான் கரண்ட் போனது. தறி நின்றால் தறிக்குடோனில் இருக்கிறவர்களுக்குப் பொழுது போகாது. புருஷன் போனை எடுத்து, கதை ஆப்பில் வாசித்துக் காட்டுகிற பொத்தானை அமுக்கி, சத்தத்தை முழுசாக வைத்துவிட்டான். அவனுக்குப் பெருமை. "இங்க பாருங்கப்பா, உங்க மருமக எழுதினது, ஆயிரக்கணக்குல படிக்கறாங்க" என்று, தறிக்கு நூலைக் குச்சியில் தார் சுத்துகிற மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பன் காதோரம் போனைப் பிடித்தான். தறிச் சத்தத்தில் பாதி போன காது அது. மாமனார் சிரித்துக்கொண்டேதான் கேட்டார், சுகந்தி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளுக்குள் அவளுக்கும் குளுகுளுவென்று இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். போனுக்குள் இருந்து ஒரு பொம்பளைக் குரல், அது மனுஷக் குரலும் இல்லை மெஷின் குரலும் இல்லை, 'பூவாத்தாள் குடத்தை இறக்கி வைத்தாள்' என்றது. மாமனார் கையிலிருந்த நூல் அறுந்தது. 'பூவாத்தாள் திரும்பிப் பார்த்தாள்' என்றது. அவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டு, வெயிலில் இறங்கி நடந்துபோனார். நூல் அறுந்ததைக் கட்டாமல் அவர் எழுந்ததை அதுவரைக்கும் யாருமே பார்த்ததில்லை. போனைப் பிடித்தபடி புருஷன் நிற்கிறான், அந்தக் குரல் நிற்காமல் பூவாத்தாள் பூவாத்தாள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது.

அத்தைதான் சொன்னாள், அடுப்படியில், குரலைத் தாழ்த்தி, முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே. "உன்ற மாமனுக்கு நேர் எளைய தங்கச்சி அவ, புள்ள. நான் வாக்கப்பட்டு வரங்காட்டியும், அதுக்கு முந்தியே நடந்தது. அவளுக்கு ரெண்டு மடங்கு வயசுக்காரனுக்குப் பேசி வெச்சுட்டாங்க. இவரு அப்பப் பல்லடத்துல தறிக்குப் போயிட்டிருந்தாரு. அண்ணங்கிட்டப் போயிர்றேன்னு பொட்டணத்தக் கட்டிட்டு மேக்கால ரோட்டுல போயி நின்னாளாமா. அன்னைக்குன்னு பாத்து பஸ்ஸு வர்ல. ரிப்பேரோ என்னமோ. பொழுது முச்சூடும் நின்னாளாமா. வெயில் தாழ அவளே ஊட்டுக்கு வந்து, ஆரும் ஒரு வார்த்தை கேக்கல, சோறு தின்னுட்டுப் படுத்தா. வெடியால கெணத்து மேட்டுல செருப்பு ரெண்டும் சோடியா இருந்துச்சாமா." கீரைக் காம்பை ஒடித்துப் போட்டாள். "அதுல இருந்து இந்த ஊர்ல, நம்ம வகையறாவுல, ஒருத்தரும் அந்தப் பேர வெக்கறதில்ல. கூப்படறதுமில்ல. நீ எங்கிருந்து புடிச்ச அத?" எங்கிருந்து பிடித்தாள்? பால் பொங்குகிறதிலிருந்து பிடித்தாள் என்று சொன்னால் நம்புவார்களா? அதைவிடப் பயம் ஒன்று, அதை அத்தையிடம் சொல்லவில்லை, புருஷனிடமும் சொல்லவில்லை: கதையில் பூவாத்தாள் எங்கே போய் முடியப் போகிறாள் என்பது இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. சுகந்திக்கு மட்டும் தெரியும். முதல் பாகம் எழுதும்போதே தெரியும். கிணற்றுப் படி, பாசி, கீழே வட்டமாக வானம். அதை எழுதி முடித்துத்தான் வைத்திருக்கிறாள். நன்றாக வந்திருக்கிறது. அதுதான் உறுத்துகிறது, நன்றாக வந்திருக்கிறது.

சரி, மாற்று. மாற்றுவது ஒன்றும் மலையைத் தூக்குகிற வேலை இல்லை, ஒரு பொத்தானை அமுக்கினால் எல்லாப் பாகத்திலும் பூவாத்தாள் போய் வேறொருத்தி வந்துவிடுவாள். வேறொருத்தி யார்? வசந்தாமணி? பால் ஊற்றுகிற வசந்தாமணி போன மாதம்தான் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வந்து படுத்திருக்கிறாள், அந்தப் பேரையா கிணற்றில் தள்ளுவது, நாளைக்கு அவளுக்கு ஒன்று ஆனால் இந்தக் கைதானே எழுதியது என்று இருக்காதா. ரேணுகா? பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்ச், மதியச் சோற்றில் முட்டையைப் பாதி பிட்டுக் கொடுத்தவள். தங்கச்சி பேர், சித்தி பேர், வேண்டாம், வேண்டாம், தூ தூ. புதுசாக ஒன்று: அக்ஷரா. அக்ஷரா குடத்தை இறக்கி வைத்தாள். எங்கே இறக்குவாள், அந்தப் பொண்ணு குடத்தைத் தூக்கவே மாட்டாள், கையில் நெயில்பாலிஷ். வளர்மதி? வளர்மதி நல்ல பேர். இரண்டு பாகத்தில் மாற்றியும் பார்த்தாள், காலையில், குழந்தைக்குக் கஞ்சி ஆற வைத்த நேரத்தில். என்ன ஆனது தெரியுமா? வளர்மதி நடக்க மாட்டேன் என்று நின்றுவிட்டாள். பூவாத்தாள் என்றால் அவளுக்குக் காதில் ஒரு வெள்ளைக்கல் தோடு, எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டின சடை, நடக்கும்போது இடது கால் ஒரு துளி உள்ளே மடங்கும். இதெல்லாம் சுகந்தி யோசித்துச் சேர்த்ததில்லை, பேரோடு வந்தது. வளர்மதிக்கு முகமே இல்லை. குடம் அந்தரத்தில் நிற்கிறது. திரும்பவும் பூவாத்தாள் என்று மாற்றியதும், பாருங்கள், விட்ட இடத்திலிருந்து நடந்தாள். அந்த இடது காலை நினைத்தால் இப்போது மேலெல்லாம் சில்லிடுகிறது. செத்துப்போன அந்தத் தங்கச்சிக்கும் அப்படித்தான் மடங்கியிருக்குமோ? கேட்கலாம், அத்தையிடம் கேட்டால் தெரியாது, பார்த்ததில்லை, மாமாவிடம் கேட்க வேண்டும். யார் போய்க் கேட்பது. போனில் வந்து விழுகிறவர்கள் வேறு. 'சகோ, சோகமா முடிங்க, அதான் மனசுல நிக்கும்.' 'பூவாத்தா செத்துருவான்னு எனக்குத் தெரியும், கர்ச்சீப்போட ரெடி.' மஸ்கட்டில் இருந்து ஒருவர்: 'எங்க அம்மா பேரு பூவாத்தாள். இப்ப இல்லீங்க. பேரப் பாத்ததும் கொஞ்ச நேரம் வேலை ஓடல.' எந்தப் பேரைத் தொட்டாலும் அதற்குள் ஒருத்தர் இருக்கிறார். காலி வீடே கிடையாது போல உலகத்தில். எல்லா வீட்டிலும் ஆள் இருக்கிறது, இல்லாவிட்டால் ஆள் இருந்துவிட்டுப் போன சூடு இருக்கிறது.

குழந்தை முனகியது. டக் டக் டக், தூங்கு, தூங்குடா தங்கம், அம்மாவுக்கு நாக்கு வலிக்கிறது. ரித்விகா. இந்தப் பேரையும் அவள்தான் பிடித்தாள், நட்சத்திரத்துக்கு 'ரி' என்று வந்ததும் போனில் தேடி, புருஷனும் அவளும் ராத்திரி சிரித்துச் சிரித்துத் தேர்ந்தெடுத்தது. பேர் வைக்கிற அன்றைக்குச் சர்க்கரைத் தண்ணியை நாக்கில் தொட்டு வைத்து, தாத்தன்தான் காதில் மூன்று தடவை பேரைச் சொல்ல வேண்டும் என்று குழந்தையை மாமனார் மடியில் போட்டார்கள். அதற்கு முன்னால், அதற்கும் முன்னால், அவள் வயிற்றுப் பிள்ளையோடு இருந்தபோது, "மாமா, பொண்ணா இருந்தா என்ன பேரு வெக்கலாமுங்க?" என்று மரியாதைக்குக் கேட்டாள். அவர் வாயைத் திறந்தார். உதட்டில் ஒன்று வந்து நின்றது. அப்புறம் மூடிக்கொண்டு, "நீங்களே பாத்து வெய்யிங்க கண்ணு" என்று தார்க்குச்சியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது இப்போதுதான் உறைக்கிறது. பேர் வைக்கிற அன்றைக்குக் குழந்தை காதருகே அவர் குனிந்தபோது கூட்டமே சிரித்தது, "அண்ணனுக்கு ரித்விகா வாய்ல நொழையாது பாரு" என்று. அவர் முதுகை வளைத்து, துண்டால் மறைத்த மாதிரி, வெகுநேரம் குனிந்தே இருந்தார். உதடு அசைந்தது. சுகந்தி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், மார்பில் பால் கட்டின வலி, பட்டுச்சேலை வேர்வை, ஒன்றும் காதில் விழவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை ரித்விகா என்று அவர் கூப்பிட்டதே கிடையாது. அம்மிணி என்பார். என்ன சொன்னார் அன்றைக்குக் காதில்? மூன்று தடவை. டக் டக் டக். சுகந்தியின் கை கயிற்றில் நின்றது. அந்தப் பேரைச் சொல்லியிருந்தால்? ஊரில் யார் வாயிலும் வராத பேரை, திருப்பிச் சொல்லத் தெரியாத ஒரு காதில் பத்திரமாக வைத்துவிட்டு எழுந்திருந்தால்? அப்படியானால் தொட்டிலுக்குள் இருப்பது யார்? தான் எழுதி வைத்திருக்கிற கிணற்றுப் படியில் இறங்கப் போவது யார்? சேச்சே. அவள் எழுந்து தொட்டில் துணியை விலக்கிப் பார்த்தாள். வாயோரம் எச்சில், நெற்றியில் இளஞ்சூடு, உள்ளே மடங்கிய குட்டிப் பாதம். எல்லாக் குழந்தைக்கும் பாதம் மடங்கும். எல்லாக் குழந்தைக்கும் மடங்கும். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தூக்கமில்லாதவளுக்குத் தோன்றுகிறதெல்லாம் இப்படித்தான் இருக்கும், கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும், எல்லாம் சரியாகிவிடும். கதையை அழித்துவிட்டால்கூடச் சரியாகிவிடும். அழித்தால் அந்தப் பொண்ணு இரண்டாவது தடவையும் ரோட்டில் நின்ற மாதிரி ஆகிவிடாதா? யாரும் வராமல், யாரும் கேட்காமல்? எழுதினாலும் சாகிறாள், அழித்தாலும் சாகிறாள். என்ன தொழிலடா இது. பேசாமல் முறுக்குப் போட்டு விற்றிருக்கலாம்.

"சுகந்தி, மாமன் வந்துட்டாரு. தறிக்குடோன்லதான் குந்தியிருக்கறாரு. சோறு கொண்டு போனேன், வேண்டாங்கறாரு. நீ ஒரு வாட்டி கேளு புள்ள" என்றாள் அத்தை, நிலைப்படியில் தட்டோடு நின்று. "நாங் கேட்டா இன்னும் கோவம் வருமுங்க அத்தை." "கோவமா இருந்தாத்தான் பரவால்லியே. கோவம் ஒண்ணுமில்ல. நின்ன தறியவே பாத்துட்டு குந்தியிருக்கறாரு, எனக்குப் பயமா இருக்குது." சுகந்தி போனைப் பார்த்தாள். சார்ஜ் சிவப்புக்கு வந்துவிட்டது. வளர்மதி என்று அடித்து வைத்திருந்த கட்டத்தில் கோடு துடித்துக்கொண்டிருக்கிறது. அமுக்கிவிடலாம். நடக்காத வளர்மதியை இழுத்துக்கொண்டு போய்க் கிணற்றில் போட்டுவிட்டுச் சோறு வடிக்கப் போகலாம். கட்டைவிரல் அந்தப் பொத்தானுக்கு மேலே போய் நின்றது. அப்போது கரண்ட் வந்தது. நிறுத்தாமல் விட்டிருந்த தறிகள் தானாகவே ஓட ஆரம்பித்தன. டடக் டடக் என்று வீட்டுச் சுவர் மறுபடி உயிர் வந்து அதிர, குழந்தை பெருமூச்சு விட்டுத் தூக்கத்தில் ஆழ்ந்தது. சுகந்தியின் நாக்குக்கு விடுதலை. அவள் தலை நிமிர்ந்தபோது நிலைப்படியில், அத்தைக்குப் பின்னால், மாமனார் நின்றிருந்தார். துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு நாள் தாடி.

"பேர மாத்திப்போட்டயா?" என்று கேட்டார். தறிக்காரர் பேச்சு, சத்தத்துக்கு மேலே சத்தம். "இன்னும் இல்லீங் மாமா. இப்பத்தான், தெரியாம வெச்சுட்டேனுங்க மாமா, சத்தியமா எனக்குத் தெரியாதுங்க, வேற பேருதான் பாத்துட்டு..." "மாத்தாத." அத்தை தட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. தொட்டிலருகே வந்து, துணிக்குள் ஒரு விரலை விட்டு, குழந்தையின் காதோரம் ஒட்டியிருந்த மயிரை ஒதுக்கினார். "பூவாத்தாளாவே இருக்கட்டும்" என்றார், இத்தனை வருஷம் கழித்து, தறிச் சத்தத்தையும் தாண்டி வீதிக்கே கேட்கும்படி. சொன்ன பிறகு அந்தப் பேர் வீட்டுக்குள் எங்கே போய் உட்காருகிறது என்று பார்க்கிறவர் மாதிரி கொஞ்சம் நின்றார். "முடிவ என்னமோ நீ எழுதி வெச்சிருப்பே. அது உன்ற வேல, நான் கேக்கல. எனக்கு ஒண்ணே ஒண்ணு. அவள மேக்கால ரோட்டுல பொட்டணத்தோட நிக்க வெச்சு, அந்தப் பல்லடத்து பஸ்ஸ மட்டும் வர வெச்சுரு, கண்ணு."